காரணத்தை எழுதிக் கொடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைத் துணிக்கடையில் மகனுக்கு இரண்டு டீ-சர்ட் எடுத்தேன். ஏற்றுமதிக்காகத் தைத்து, ஏதோ ஒரு குறையால் கப்பல் ஏறாமல் நின்றுபோன சரக்கு. திருப்பூர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவைக்காத துணியைப் போட்டுத்தான் வளர்கிறார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. துவைக்கப் போடும்முன் சட்டையை உள்பக்கமாகத் திருப்பினேன். விளிம்புத் தையலுக்குக் கொஞ்சம் மேலே, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். அம்புக்குறி போட்டது. அம்பின் முனையில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஓர் ஊசி ஓட்டை. ஸ்டிக்கரைப் பிய்த்தவள் சும்மா இருந்திருக்கலாம். மூக்குக்குக் கொண்டுபோனேன்.

"என்ன அம்மிணி, துணியப் போயி மோந்து பாத்துட்டிருக்கற?" என்றார் வீட்டுக்காரர். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கொங்குநாட்டுக்காரர், விவரம் கேட்க ஆரம்பித்தால் மரியாதையாகவே கேட்டு மாலைவரை விடமாட்டார்.

அந்தப் பசை வாசனையோடு, கறை எடுக்க அடிக்கிற மருந்தின் காட்டமும் கலந்து வரும். என் அம்மாவின் கையில் வருடக்கணக்கில் இருந்த வாசனை அது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, எனக்கு ஆறு வயதிருக்கும்போது நாங்கள் திருப்பூருக்கு வந்தோம். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். தைத்து வருகிற பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் மேசையில் விரித்து, உள்ளங்கையால் தடவி, குறை இருந்தால் சிவப்பு அம்புக்குறி ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைத்தால் மட்டும் போதாது. என்ன குறை, எந்த இடத்தில் என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். தைத்த டெய்லரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால் கையெழுத்து, ஒத்துக்கொள்ளாவிட்டால் சண்டை. "இது ஏந் தையல் இல்ல, துணியிலயே இருந்துச்சு" என்று ஒருவர் அரைமணி நேரம் வாதாடி ஜெயித்த கதையை அம்மா ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள். தோற்றது அவள்தான் என்றாலும் அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது என் சட்டையின் முதுகையும் தோளையும் ஒரு தடவு தடவித்தான் அனுப்புவாள். பாசம் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பிசிறு நூல் தேடுகிறாள் என்று.

நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே உடற்கல்வி ஆசிரியராக ஈஸ்வரமூர்த்தி சார் இருந்தார். ஒழுக்கம் முழுவதும் அவர் பொறுப்பு. நாங்கள் ஆறாம் வகுப்புப் படித்தபோது அவர் கையில் பிரம்பு இருந்தது. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று அரசாங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததும், மற்ற ஆசிரியர்கள் போல் பிரம்பை மேசைக்கு அடியில் ஒளிக்காமல், எங்கள் முன்னாலேயே முறித்துப் போட்டார். நல்ல மனுசர். அந்த அளவில் இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பிரம்பு போன பிறகு அவருக்குக் கை நமநமவென்று இருந்திருக்க வேண்டும். ஒரு வருடம் யோசித்து, மச்சான் கம்பெனியிலிருந்து ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், ஒரு முழு ரோல்.

காலையில் பிரேயருக்கு நிற்கும்போது சார் வரிசை வரிசையாக வருவார். காலர் அழுக்காக இருந்தால் காலரைக் காட்டி ஓர் அம்பு. பட்டன் இல்லாவிட்டால் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில். தாமதமாக வந்தால் தோளில். கடைசி மணி அடிக்கும்வரை அதைப் பிய்க்கக் கூடாது. ஒரு வாரத்தில் மூன்று சேர்ந்தால் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும், வரும்வரை கேட்டுக்கு வெளியே. திருப்பூரில் வேலைநாளில் அப்பா அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வருவது லேசான காரியமா? சில பையன்கள் டீக்கடை அண்ணனை மாமாவாக்கிக் கூட்டி வந்தார்கள். எங்கள் வகுப்பு செல்வம் ஒரே நாளில் நான்கு அம்பு வாங்கி, ராணுவ அதிகாரி போல் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். பையன்களுக்கு அது விளையாட்டு. பெண்பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. முதுகில் எங்கோ ஒட்டியிருக்கும். எல்லாருக்கும் தெரியும், நமக்கு மட்டும் தெரியாது.

அந்த ரோலைப் பிடித்துக்கொண்டு சாருக்குப் பின்னால் போனவள் நான். மறைக்க மாட்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை, சட்டையில் பிசிறு நூல்கூட இருக்காது என்று என்னைத் தேர்ந்தெடுத்தார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி. சார் கையைக் காட்டுவார், நான் கிழித்து ஒட்டுவேன். அம்மாவுடைய தொழில்தானே, கை தானாக வந்தது. அன்றைய என் நடையை இப்போது நான் பார்த்தால் இரண்டு அறை வைப்பேன். சுற்றறிக்கை இருக்கிறது, வைக்க முடியாது.

நான் அதிகம் ஒட்டியது முத்துலட்சுமியின் சட்டையில். அவள் என் பக்கத்து பெஞ்சுக்காரி, எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண். அவள் குடும்பம் சாயப்பட்டறைகளுக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்தது. அந்தத் தெருவின் போர்வெல் தண்ணீர் ஒரு வாரம் இளஞ்சிவப்பாக வரும், ஒரு வாரம் கலங்கிய நீலமாக வரும். பட்டறையில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடலாம். திங்கட்கிழமை எங்களுக்கு முழு வெள்ளைச் சீருடை. அவள் அம்மா சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்கச் சட்டை ரோஜா நிறமாகிக்கொண்டே போனது. தண்ணீருக்கு அம்புக்குறி ஒட்ட வழியில்லை, அவளுக்கு ஒட்டினோம். "ஒட்டிக்கோட்டி, ஒன் தப்பா?" என்று அவளே முதுகைக் காட்டுவாள். எனக்கு அப்போது உறுத்தவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

பத்தாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு முடிந்து முதல் திங்கட்கிழமை. கொடிக்கம்பத்தைப் பார்த்து எல்லாரும் நிற்கிறோம். சாரும் நானும் பெண்கள் வரிசைக்குப் பின்பக்கமாக வந்தோம். முத்துலட்சுமிக்குப் பின்னால் சார் நின்றார். "பின்னாடி கறை. ஒட்டு கண்ணு" என்றார், எப்போதும் சொல்கிற அதே குரலில்.

பார்த்தேன். அது சாயத் தண்ணீர்க் கறை இல்லை. எந்தப் பெண்ணுக்கும் பார்த்தவுடன் தெரியும். சாருக்குத் தெரியவில்லை, அவருக்குக் கறை என்றால் கறைதான். அவளுடைய துப்பட்டாவை இறக்கி மறைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். என் விரல் அவள் இடுப்பில் பட்டது. அவள் சட்டென்று திரும்பினாள். நான், என் கையில் ரோல், பக்கத்தில் சார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் தன் உடையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பையைக்கூட எடுக்காமல் கேட்டைப் பார்த்து ஓடினாள்.

"அதென்ன ஓட்டம்? போயி ஒட்டீட்டுக் கூட்டியா" என்றார் சார்.

"ஒட்டமாட்டேன் சார்."

"ஏங் கண்ணு?"

முந்நூறு பேர் நிற்கிற மைதானத்தில், ஓர் ஆண் ஆசிரியரிடம், இன்னொருத்தியின் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரோலை அவர் கையில் வைத்தேன். "இனிமே யாருக்கும் ஒட்டமாட்டேன் சார்" என்றேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பத்து மணிக்கு ஹெட்மாஸ்டர் அறையில் தீர்ப்பு. கீழ்ப்படிய மறுத்தது தவறு, இனி அப்படி நடக்க மாட்டேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதுவரை வகுப்பு கிடையாது. கடிதம் வராவிட்டால் டி.சி. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லாத நேரம்.

அன்று மாலை முதலில் முத்துலட்சுமி வீட்டுக்குத்தான் போனேன். அவளுடைய பை என்னிடம் இருந்தது. அவள் அம்மா வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டார். "அவ தூங்குதா" என்றார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. மறுநாளும் போனேன். அன்றும் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வீடு பூட்டியிருந்தது, ஏதோ விசேஷத்துக்கு ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் முதல் நாள் இரவே அம்மா ஒரே போடாகப் போட்டாள். "ஏட்டி, ஒரு பேப்பர்தான? எழுதிக் குடுத்துட்டு உள்ள போ. பத்தாங்கிளாஸ்டி."

"நான் தப்பு செய்யலம்மா."

"செய்யலன்னா என்ன, எழுதுனா கை தேஞ்சிருமா?"

அப்போதுதான் நடந்ததைச் சொன்னேன். வெளியே யாரிடமும் முத்துலட்சுமி பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். அம்மா, "அந்த ஸ்டிக்கர இத்தன நாளு நீயா ஒட்டுன?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு அது அதுவரை தெரியாது. நான் பெருமையாகச் செய்துகொண்டிருந்த வேலையை ஏன் வீட்டில் ஒருநாளும் சொல்லவில்லை என்று எனக்கே அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் காலை அம்மா என்னோடு வந்தாள். ஹெட்மாஸ்டர் கொங்குநாட்டு மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. "உக்காருங்க்கா. ஒரு கடுதாசிதானுங்க. எழுதிக் குடுத்துட்டாப் புள்ள வகுப்புக்குப் போயிரலாமுங்க" என்றார்.

"அவ எழுத மாட்டேங்கா சார். நீங்க எழுதிக் குடுங்க" என்றாள் அம்மா.

"நானுங்களா? என்னத்தைங்க?"

"எதுக்கு வெளிய நிப்பாட்டிருக்கீகன்னு காரணம். எங்க கம்பெனில ஒரு பனியனத் தள்ளுனாக்கூட என்ன கொறன்னு எழுதி, தச்ச ஆளக் கூப்பிட்டுக் காட்டணும் சார். இது புள்ள. எழுதிக் குடுங்க."

"அப்படியெல்லாம் எழுதித் தர்ற வழக்கமில்லீங்க."

"சரி சார். நாளைக்கி வாரேன்."

உண்மையிலேயே மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும். கம்பெனி வேன் எங்கள் பள்ளிக்கூட வழியாகத்தான் போகும். எட்டே முக்காலுக்கு வேன் கேட் முன்னால் நிற்கும், அம்மா இறங்கி அலுவலகம் போய், "எழுதியாச்சா சார்?" என்று கேட்பாள். இல்லை என்பார்கள். திரும்பி வேனில் ஏறிக்கொள்வாள். மொத்தம் பத்து நிமிடம். முதல் இரண்டு நாள் டிரைவர், "அக்கா, நேரமாச்சுங்க, சூப்ரவைசர் என்னையத்தானுங்க பேசுவாரு" என்று ஹாரன் அடித்தார். அப்புறம் வேனுக்குள் இருந்த பெண்கள் விஷயத்தைக் கேட்டார்கள். அம்மா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். "காரணம் எழுதித் தர மாட்டேங்காக" என்ற ஒன்றைத்தான் சொன்னாள். வேறு எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. காரணம் எழுதாமல் தள்ளுகிற ஒருவரை அந்த வேனில் இருந்த எல்லாருமே தொழிலில் ஒருநாளாவது சந்தித்திருந்தார்கள். அதன் பிறகு டிரைவர் ஹாரன் அடித்தால் உள்ளேயிருந்து அவருக்குத்தான் வசை விழுந்தது.

நான் கேட்டுக்கு எதிரே சாக்கடைமேல் போட்டிருந்த சிமென்ட் பலகையில் உட்கார்ந்து படித்தேன். காலை மணியிலிருந்து சாயங்கால மணிவரை. வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது என்று செல்வம் இடைவேளையில் கேட் வழியாகச் சொல்லுவான்; பாதி தப்பாகச் சொல்லுவான். அறிவியலில் நான் இன்றுவரை குழம்புகிற இடங்கள் சில உண்டு, எல்லாம் அவன் புண்ணியம். வெயில் ஏறினால் பலகை சுடும். எழுந்து போய்விடலாம் என்று தோன்றும்போதெல்லாம், நான் போய்விட்டால் அவர்களுக்கு இன்னும் சௌகரியம் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பிடிவாதத்தில் கோபம்தான் அதிகம், தைரியம் கொஞ்சம்.

ஆறாம் நாள் சமாதானத் தூது வந்தது. மன்னிப்பு என்ற சொல் வேண்டாம், இனிமேல் கீழ்ப்படிவேன் என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று எழுத்தர் வந்து சொன்னார். அன்று மாலை அம்மாவும் தளர்ந்துபோயிருந்தாள். ஷிப்மென்ட் நேரம், சூப்ரவைசர் ஏதோ சொல்லியிருக்கிறார். "போதும்டி. ஒத்த வரி. எழுதிரு" என்றாள்.

"நீ வேணா நாளைக்கி வராதம்மா. நான் உக்காந்திருக்கேன். கீழ்ப்படிவேன்னு எழுதுனா நாளைக்கி மறுபடியும் ஒட்டச் சொல்லுவாக."

மறுநாள் எட்டே முக்காலுக்கு வேன் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் இறங்கினார்கள்.

பதினோராம் நாள் வேனே காலியானது. இருபது பெண்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, சத்தம் போடாமல் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஹெட்மாஸ்டருக்கு வேர்த்திருந்தது. "எழுதித்தானுங்க வேணும்? எழுதறனுங்க" என்று பள்ளியின் பெயர் அச்சடித்த தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். எழுதியதை வாய்விட்டே படித்தார்: "இப்பள்ளியில் பத்தாம் வகுப்பு பயிலும் மேற்படி மாணவி, சக மாணவியின் உடையில்..." அங்கே பேனா நின்றது. பக்கத்தில் நின்ற ஈஸ்வரமூர்த்தி சாரைப் பார்த்தார். சார் ஜன்னலைப் பார்த்தார். "சக மாணவியின் உடையில் ஸ்டிக்கர் ஒட்ட மறுத்ததால்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், எழுதவில்லை. இந்தத் தாள் கல்வி அலுவலகத்துக்குப் போனால் முதலில் என்ன கேள்வி வரும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"போ கண்ணு. வகுப்புக்குப் போயி உக்காரு."

அவ்வளவுதான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை சார் வெறுங்கையோடு வரிசைக்கு வந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்றைக்கு நான் ஏன் மறுத்தேன் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. பின்னாளில் கடைவீதியில் பார்த்தபோதாவது சொல்லியிருக்கலாம். வணக்கம் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் வகுப்புக்குப் போன அன்று, ஐந்தாம் மணியில் வருகைப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார்கள். முத்துலட்சுமி பெயருக்கு நேராக வரிசையாக ஆப்சென்ட். அதற்கப்புறம் சிவப்பு மையில் ஒரு கோடு. தொடர்ந்து வராததால் நீக்கம். பதினோரு நாள் அம்மாவும், கடைசியில் இருபது பெண்களும் காரணம் கேட்டது எனக்காக. என்னை வாசலில் வைத்த அதே அறையில் அவள் பெயரை அடித்தபோது, ஏன் என்று கேட்க ஒரு வேனும் நிற்கவில்லை. நானும் எனக்காக உட்கார்ந்திருந்தேனே தவிர, அவளையும் உள்ளே விடுங்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவள் தானாக வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்ததும் லைன் வீட்டுக்கு ஓடினேன். பூட்டு இருந்தது, ஆனால் வேறு பூட்டு. பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்தார். "அவிய காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க கண்ணு. பல்லடம் பக்கம் தறிக்குடோன்ல வேலைன்னாங்க, புள்ளைக்கும் சேத்து" என்றார். என் சீருடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீதான் அந்தக் கூட்டுக்காரப் புள்ளையா? நீதான் ஒட்டிட்டதாச் சொல்லிச் சொல்லி அழுதுச்சு" என்றார்.

இப்போது நான் ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். கூட்டம் தொடங்கியதும் டீ வருவதற்குள், இந்த மாதம் தொடர்ந்து வராத பிள்ளைகள் யார், ஏன் என்று எழுத்தில் கேட்கிறேன். என்னைக் கண்டால் அந்தப் பள்ளியின் எழுத்தர் பெருமூச்சு விடுகிறார். விடட்டும். பதில் வரவில்லையென்றால் நானே வீடு தேடிப் போகிறேன். தூங்குகிறாள் என்று சொன்னால் எழுப்பச் சொல்கிறேன்.

அந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது துணிக் கிடங்கு நிற்கிறது. அந்தப் பக்கத்து வீட்டு அக்காவும் எங்கே என்று தெரியவில்லை. அம்மாவின் கம்பெனி மூடிவிட்டார்கள், அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பல்லடம் பக்கம் போகும்போதெல்லாம் தறிக்குடோன்களில் விசாரிக்கிறேன். என் வயதுப் பெண்கள் வேலை விட்டு வெளியே வந்தால் நின்று முகம் பார்க்கிறேன். கண்டுபிடித்துவிட்டால் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்கு நான் ஒட்டவில்லை. அவள் நம்புவாளா என்பது வேறு விஷயம். அதற்கு முந்தைய வாரம்வரை அவள் சட்டையில் ஒட்டிய அத்தனையையும் ஒட்டியது என் கைதான்.